டிராக்டர் வராத இடத்துக்கு நான்கு வண்டிகளில் போவது பற்றி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் ஒன்பது பேர், இரண்டு டீசல் மஹிந்திரா தார் ஜீப், ஒரு பெட்ரோல் மாருதி ஜிப்ஸி, சாமான் ஏற்ற ஒரு பொலேரோ பிக்கப் ஆகிய நான்கு வண்டிகளில், வரும் ஜூன் மாதம் அருணாசலப் பிரதேசத்துக்குப் போய், மியாவோவிலிருந்து விஜயநகர் வரையுள்ள காட்டுப் பாதையில் தாங்களே ஓட்டிச் செல்ல எண்ணியிருக்கிறார்கள். சேறும் மணலும் தங்களுக்குப் பழக்கம்தான், என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். கேள்வி கருவிகளைப் பற்றியதாக இருந்தாலும், அவர் உண்மையில் கேட்க வேண்டியது வேறொன்று. உள்ளே போகும் ஒன்பது பேரும் நான்கு வண்டிகளும் பிறர் உதவியின்றி வெளியே வந்துசேர என்ன வேண்டும் என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கருவிகள் அதற்குள் தாமாகவே வந்துவிடும்.

நான் பாபநாசம் வட்டத்துக்காரன். எல்லைச் சாலைகள் அமைப்பில், எங்களூரில் ‘கிரெஃப்’ என்று சொல்லப்படும் படையில், வண்டி மெக்கானிக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி அருணாசலத்தின் கிழக்கு மாவட்டங்களில் கழிந்தது. ஜோங்கா ஜீப்பிலிருந்து ஸ்டாலியன் லாரி வரை சேற்றில் பதிந்த வண்டிகளை வெளியே எடுப்பதும், எடுத்தபின் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். எனவே வண்டி, பாதை, கயிறு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம் என் துறை அல்ல. அதைப் பற்றிக் கடைசியில் சொல்லப்போவதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நம் டெல்டாவில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு; அது இருப்பதே அவருக்குத் தெரியாது. வண்டி எங்கே பதிந்தாலும், வரப்பில் ஏறி நின்று குரல் கொடுத்தால் அரைமணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்துவிடும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டருக்கு ஒரு ஜீப்பை இழுப்பது ஒரு வேலையே அல்ல. நாம் துணிந்து சேற்றில் இறங்குவது நம் திறமையால் மட்டும் அல்ல, அந்த டிராக்டரின் தைரியத்தாலும்தான். நீங்கள் போக நினைக்கும் பாதையில் அந்த டிராக்டர் கிடையாது. பயணத்துக்கான ஒவ்வொரு முடிவும், எத்தனை வண்டி, எந்த மாதம், எவ்வளவு எரிபொருள், எந்த இடத்தில் திரும்புவது என்பது உட்பட, அந்த டிராக்டர் இல்லாத குறையை எப்படி ஈடுசெய்வது என்ற கேள்விக்கு விடையாக அமைய வேண்டும்.

முதலில் மாதம். ஜூனில் போகக் கூடாது; இதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. நமக்கு ஜூன் 12 என்றால் மேட்டூர் திறப்பு, குறுவை என்று நினைவுக்கு வரும். மழை நமக்கு ஐப்பசியில்தான். அருணாசலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஏப்ரலிலேயே மழை தொடங்கி, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அந்த நான்கு மாதமும் மண்சரிவுதான் பாதையின் எஜமான். சாலை போடுபவர்களே அப்போது வழியைத் திறந்து வைக்கத்தான் பாடுபடுவார்கள். நமக்கு அடைமழை பெய்யும் கார்த்திகையில் அங்கே வானம் வெளுத்து, பாதை இறுகத் தொடங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் பிப்ரவரித் தொடக்கம் உங்களுக்கும் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் குளிர்காலத்துக்கு ஒரு விலை உண்டு, அது வெளிச்சம். நாட்டின் கிழக்கு மூலையில் இருக்கும் அந்த ஊர்களுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால், ஜனவரியில் மாலை நான்கரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி நடுவிலும் ஐந்துக்குள் மறையும். மரங்களுக்குள் அதற்கு அரைமணி முன்பே இருட்டும். நம்மூரில் காலை எட்டு மணிக்கு டீ குடித்துக் கிளம்பும் பழக்கத்தோடு அங்கே போனால் பாதிப் பகல் வீணாகிவிடும். ஆறு மணிக்கு வண்டி நகர வேண்டும். பிற்பகல் மூன்றுக்குத் தங்குமிடம் அமைய வேண்டும்.

அடுத்தது அனுமதி. அருணாசலத்துக்குள் நுழைய 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்க வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர், மலேசியா குடியுரிமை பெற்ற உறவினர் யாரேனும் உடன் வருவதாக இருந்தால் அவருக்கு இது போதாது. வெளிநாட்டவருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தனியே பெற வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். இவற்றைவிட முக்கியமானது வனத்துறை அனுமதி. மியாவோ – விஜயநகர்ப் பாதை 157 கி.மீ.; அதில் பெரும்பகுதி நம்தாபா தேசியப் பூங்காவின் ஊடே செல்கிறது. 1,985 சதுர கி.மீ. பரப்புள்ள அந்தக் காடு 1983 முதல் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழுமையாகப் பொருந்தும். பாதையை விட்டு வண்டியை இறக்கி ஆற்றங்கரையிலோ புல்வெளியிலோ ஓட்டிப் பார்ப்பது அங்கே சாகசம் அல்ல, குற்றம். நம் நாட்டில் ‘ஆஃப் ரோடு’ என்பதற்குக் காட்டில் ஒரே பொருள்தான்: இருக்கிற மோசமான பாதையிலேயே, பாதையை விட்டு விலகாமல் போவது. கோடியக்கரை சரணாலயத்தின் ஓரத்தில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி சேறு. எனக்கு மிகவும் கவலை தந்தது ‘சேறு எங்களுக்குப் பழக்கம்தான்’ என்ற உங்கள் வரிதான், எனவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் நெல்வயலில் ஆண்டுக்கு ஆண்டு சேற்றுழவு செய்வதால், மேல் சேற்றுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு முழத்துக்குள் கெட்டியான ஓர் அடித்தட்டு உருவாகியிருக்கிறது. டிராக்டர் சேற்றில் மிதப்பதில்லை. அந்தத் தட்டின்மேல் நடக்கிறது. நம் வண்டியும் சக்கரம் பாதி மூழ்கியதும் அந்தத் தட்டைத் தொட்டுப் பிடிப்பைப் பெறுகிறது. ஆகவே சேற்றுக்கு ஓர் அடி உண்டு என்று நம் கை கால்கள் நம்பப் பழகிவிட்டன. வேகத்தை விடாமல் மிதித்துக்கொண்டே போனால் கடந்துவிடலாம் என்பது நம் பாடம். மலைக்காட்டுச் சேற்றுக்கு அந்த அடித்தட்டு கிடையாது. சரிந்து விழுந்த மண் நனைந்து நிற்கும் இடத்தில் ஆக்சில் மூழ்கியபின்னும் வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு இடங்களில் இதற்கு நேரெதிர்: பாறைமேல் இரண்டு விரற்கடை சேறுதான் இருக்கும், ஆனால் பாதை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே வண்டி பதியாது, பக்கவாட்டில் வழுக்கும். அப்போது வேகம் கூட்டினால் வழுக்கலும் கூடும். நம்மூரில் காப்பாற்றிய பழக்கமே அங்கே விளிம்புக்குத் தள்ளும். ஓட்டுவதற்கு முன் இறங்கி நடந்து, ஒரு கம்பால் குத்திப் பார்த்து, எந்த வகைச் சேறு என்று தெரிந்துகொண்டபின் வண்டியை எடுப்பதுதான் வழி. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் போகும்; போகட்டும்.

டயர்க் காற்று விஷயத்தில் நிறையப் பேர் தயங்குகிறார்கள். தார்ச்சாலையில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைத்திருக்கும் காற்றை, சேறும் மணலும் வந்தால் 18 அல்லது 20 வரை இறக்குங்கள். டயர் நீண்டு படிந்து பரப்பு கூடும். கூரிய கற்கள் உள்ள பாதையில் 22க்குக் கீழே போகாதீர்கள். 15க்குக் கீழே இறக்கினால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். கெட்டிச் சாலை வந்ததும் மறுபடி நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் அழுத்தமானி ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஒன்று பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில், இரண்டு பம்பு.

வண்டிகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு குழுவின் திறன் அதன் சிறந்த வண்டியால் அல்ல, மிக பலவீனமான வண்டியால்தான் அளக்கப்படும். உங்கள் பிக்கப்பில் பின்சக்கரம் மட்டுமே இயங்குகிறது; அதன்மேல் ஒன்பது பேரின் சாமான் வேறு. காட்டுக்குள் அது ஒவ்வொரு ஏற்றத்திலும் மற்ற மூன்று வண்டிகளின் நேரத்தையும் கயிற்றையும் தின்னும். அதை மியாவோவில் நிறுத்திவிட்டு, மூன்று வண்டிகளில் ஆறு பேர் மட்டும் உள்ளே போங்கள்; மற்ற மூவர் வெளியே இருப்பது, பின்னால் சொல்லப்போகும் காரணத்தால், உங்களுக்குப் பெரிய பலம். இன்னொன்று, ஜிப்ஸி ஒரு டன் அளவுள்ள வண்டி. தார் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன். காட்டில் ஜிப்ஸியின் எடைக்குறைவு அருமையான குணம். ஆனால் பதிந்த தாரை அது தனியாக இழுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் தார் வருவதுதான் சரி. இரண்டு தாருக்கும் ஒரே அளவு டயர் இருந்தால் ஒன்றின் ஸ்டெப்னி மற்றதற்கு உதவும். இல்லையென்றால் போவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

கூரைமேல் பாரம் ஏற்றாதீர்கள். வாய்க்கால் பாலத்தைத் தவிர ஏற்றமே இல்லாத ஊரில் கூரைப் பாரம் தெரியாது. பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்ப்பது அதுதான். முன்னால் இரும்புத் தடுப்பு பொருத்துவதும் வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தெரிவித்துவிட்டது. வண்டியில் நிலையாகப் பொருத்தும் மின் வின்ச்சுக்கு, அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவிக்கு, பதிலாக, மின்வாரிய ஊழியர்கள் கம்பம் நிமிர்த்தப் பயன்படுத்தும் வகையிலான, கையால் இயக்கும் வின்ச் ஒன்றைக் கொண்டுபோகலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நம் தெருக்களில் அதன் வேலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். மெதுவானது, கை வலிக்கும்; ஆனால் பேட்டரி செத்தாலும் வேலை செய்யும், எந்தத் திசையிலும் இழுக்கும்.

கயிற்றைப் பற்றிச் சொல்லும்போது மனம் சற்று நடுங்கத்தான் செய்கிறது. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, பதிந்த ஒரு ஜீப்பை இழுக்க அவசரத்தில் கம்பி வடத்தை அதன் பம்பரில் மாட்டினேன். சேசிஸில் கொக்கி மாட்டும் இடம் சேற்றுக்குள் இருந்தது, தோண்டச் சோம்பல்பட்டேன். பம்பர் பிய்ந்து வடத்தோடு பறந்து, பக்கத்தில் நின்றிருந்த சக தொழிலாளியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு இரண்டாக முறிந்தது. ஓர் அடி உயரே அடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். முழுக்க முழுக்க என் தவறு அது. அன்றிலிருந்து, சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட கொக்கியைத் தவிர வேறு எதிலும் நான் கயிறு மாட்டியதில்லை. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டுபோல் பாயும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

வாங்க வேண்டியது இரண்டு வகைக் கயிறு. ஒன்று, நீளாத பட்டை. நின்றுபோன வண்டியை மெதுவாக இழுத்துச் செல்ல அது. மற்றது, இழுத்தால் கால்பங்கு நீண்டு மறுபடி சுருங்கும் நைலான் கயிறு. பதிந்த வண்டியை வெடுக்கென்று இழுக்காமல் கயிற்றின் சுருக்கத்தாலேயே வெளியே எடுக்க அது. முதலாவதை இரண்டாவதன் வேலைக்குப் பயன்படுத்தினால் ஏதேனும் ஒன்று முறியும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளைக் கடையில் வாங்கும்போது அதன்மேல் வேலைச்சுமை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முக்கால் அங்குலத்தில் 4.75 டன் என்று இருக்கும். எழுத்தே இல்லாத ஷேக்கிளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கப்பி இருந்தால் வின்ச் கயிற்றை மரத்துக்கும் வண்டிக்குமாக மடித்து இழுவையை இரட்டிப்பாக்கலாம். வேகம் பாதியாகும், அது நல்லதுதான். மரத்தில் கம்பியை நேராகச் சுற்றாமல் அகலப் பட்டையைச் சுற்றி அதில் மாட்டுங்கள். கம்பி அறுத்து மரத்தின் தோல் உரிந்தால் மரம் பட்டுப்போகும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு சாக்கையோ தடித்த கம்பளியையோ போட்டுவிட்டு, கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரும் விலக வேண்டும். செல்போனில் படம் பிடிப்பவரும்தான்.

இத்தனைக்கும் முன்னால் மண்வெட்டி. பதிந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கயிறே தேவைப்படாமல், சக்கரத்துக்கு முன்னால் வெட்டிச் சரிவு அமைத்து, கல்லோ கிளையோ போட்டு, காற்றை இறக்கி நாங்கள் எடுத்திருக்கிறோம். மண்வெட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று, அரிவாள் ஒன்று, வயலில் போடும் பலகைபோல் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அகலப் பலகை ஆகியவை நம்மூரிலேயே கிடைக்கும். விலையுயர்ந்த எதற்கும் முன்பு இவற்றை ஏற்றுங்கள். விழுந்த மரத்தை வெட்ட மோட்டார் ரம்பம் கொண்டுபோகாதீர்கள். புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடியில் அதற்கு நீங்கள் சொல்லும் விளக்கம் எடுபடாது, கைரம்பம் போதும்.

போவதற்கு முன் ஓர் ஒத்திகை செய்யுங்கள் என்று வற்புறுத்துவேன். அறுவடை முடிந்த உங்கள் சொந்த வயலில் ஒரு மூலையில் தண்ணீர் கட்டி, ஒரு தாரை வேண்டுமென்றே ஆக்சில் வரை பதியவிடுங்கள். டிராக்டரைக் கூப்பிடக் கூடாது. கொண்டுபோகப்போகும் பொருள்களை மட்டும் வைத்து, ஆறு பேரும் சேர்ந்து வெளியே எடுங்கள். முதல்முறை மூன்று மணி நேரம் ஆகலாம். எந்தப் பொருள் தேவையில்லை, எந்தப் பொருள் இல்லை, யார் பதறுகிறார், யார் நிதானமாக இருக்கிறார் என்பதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதன்பின் ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கும் பழக்கம் சமவெளிக்காரர்களுக்கு ஓட்டி ஓட்டித்தான் வரும். காட்டில் செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு இயங்கும் நிலை), முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவது என்பதுதான் முறை. ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் கிளட்சை மிதிக்கும் ஆசையை அடக்கி, பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் நேர்கோட்டில் இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் உருளும். அப்போது சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர் தயாராக நிற்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். தேரை இழுப்பவர் ஆயிரம் பேர் என்றாலும், அது எங்கே நிற்கும் என்பது அவர் கையில்தான். அதே பொறுப்புணர்வோடு ஒருவரை அந்த வேலைக்கென்றே நியமியுங்கள். அவர் அந்த நேரத்தில் வேறு எதையும் பார்க்கக் கூடாது.

ஓடைகளைக் கடப்பதில் நாம் காவிரிக் கரைக்காரர்கள் என்ற எண்ணம் வேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். வெள்ளம் என்றால் முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். மலை ஓடையில் அப்படி எதுவும் இல்லை. தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை அரைமணியில் வந்து இறங்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ கரைக்கு ஏறிவிட வேண்டும். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்தும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். உற்பத்தியாளர் 650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று தாருக்குச் சொல்வது நிற்கும் நீருக்குப் பொருந்தும், ஓடும் நீருக்கு அல்ல. முழங்காலுக்குமேல் ஓடும் நீரில் ஆள் நடந்து கடக்க முடியவில்லை என்றால் வண்டியும் கடக்க வேண்டாம். இன்ஜினுக்குள் நீர் புகுந்து நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒரு திருப்பில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீண்ட நேரம் ஓடிச் சூடாக இருக்கும் டிஃபரன்ஷியலை, அதாவது ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியை, சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் அது ஆயில் சீல் வழியாக நீரை உள்ளே உறிஞ்சும். ஆகவே கரையில் சிறிது நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். அன்று மாலை ஆயிலைப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

எரிபொருள் கணக்கு எளிது, ஆனால் பெரும்பாலோர் சாலைக் கணக்கைப் போட்டு ஏமாறுகிறார்கள். லோ கியரில் தார் லிட்டருக்கு நான்கு, நான்கரை கி.மீ. கொடுத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவ மதிப்பீடு, உங்கள் ஒத்திகையில் அளந்து திருத்திக்கொள்ளலாம். போக வர 314 கி.மீ.க்கு 70 லிட்டர். திரும்பிச் சுற்றுவதற்கும் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதற்கும் அதில் பாதி, 35 லிட்டர். ஆக 105. 2020க்குப் பிறகு வந்த தாரில் 57 லிட்டர் தொட்டி. எனவே 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் மூன்று வேண்டும். உள்ளே ஆங்காங்கே டீசல் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜிப்ஸிக்கான பெட்ரோல் கேனை ஆள் உட்காரும் பகுதிக்குள் வைக்காதீர்கள், ஆவி தேங்கும்.

இப்போது, வெளியே இருக்கும் மூவர். காட்டுக்குள் செல்போன் இருக்காது. வெளிநாட்டுப் பயணிகள் எழுதும் பட்டியல்களில் சாட்டிலைட் போன் முதலிடத்தில் இருக்கும். நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், எல்லையோரத்தில் அது மிகப் பெரிய சிக்கலாகும். உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். வண்டிக்கு வண்டி பேச, உரிமம் தேவைப்படாத குறைந்த ஆற்றல் வாக்கிடாக்கி போதும். வளைவுகளில் ஒரு கி.மீ. எட்டினால் அதிகம். எனவே மியாவோவில் தங்கும் மூவரிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்: யார் யார் உள்ளே போனார்கள், எந்த இரவு எங்கே தங்குவார்கள், எந்த நாள் எந்த மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் கெடு மாறக் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கும் அது கட்டுப்பாடு: பகலில் பாதி கழிந்தபோது அன்றைய தூரத்தில் பாதி கடக்கவில்லை என்றாலும், எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தபோது விஜயநகர் இன்னும் எட்டவில்லை என்றாலும் திரும்ப வேண்டும். இந்த முடிவை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கைதூக்கி முடிவெடுப்பது வேண்டாம். சோர்ந்த கூட்டத்தில் ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்ற குரல்தான் எப்போதும் வெல்லும்.

ஓட்டும்போது ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் அது வரும்வரை நகரக் கூடாது. மரப்பாலத்திலும் ஓடையிலும் ஏற்றத்திலும் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. மெக்கானிக் வேலை தெரிந்தவர் கடைசி வண்டியில் வர வேண்டும், ஏனெனில் பழுதாகும் வண்டி எப்போதும் அவருக்கு முன்னால்தான் நிற்கும்.

அந்தப் பாதை யாருமற்ற இடம் அல்ல. லிசு மக்களின் ஊர்கள் அங்கே இருக்கின்றன. விஜயநகர் மூன்று பக்கமும் மியான்மர் சூழ்ந்த ஊர். நீங்கள் மகிழ்ச்சிக்காகப் போகும் வழியில் அவர்கள் அரிசியும் உப்பும் முதுகில் சுமந்து நாள்கணக்கில் நடந்தவர்கள். ஊருக்குள் நுழைந்ததும் காவ்ன் பூரா என்னும் ஊர்த்தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தங்குவதற்கு அவர் காட்டும் இடத்தில் தங்குங்கள். நம்மூரில் நாட்டாண்மையைப் பார்க்காமல் வெளியூர்க்காரன் களத்தில் கூடாரம் அடித்தால் எப்படியோ, அங்கேயும் அப்படித்தான். பாதையில் படுத்திருக்கும் மிதுன் என்னும் மாட்டுக்கு ஹாரன் அடிக்காதீர்கள். காட்டுமாடு அல்ல அது, ஒரு குடும்பத்தின் சொத்து. அதை இடித்தால் பெருந்தொகை கொடுக்க வேண்டிவரும், கொடுப்பதுதான் நியாயமும்.

முதல் பயணத்திலேயே விஜயநகர் வரை போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இது உறுதியான விதி அல்ல, என் தீர்ப்பு. 3,000 கி.மீ.க்கும் அதிகமான சாலைப் பயணத்துக்குப் பின் வண்டிகளும் ஆட்களும் களைத்திருப்பார்கள். நோவா திஹிங் ஆற்றங்கரையில் தேபான் வன விடுதி வரை போய் இரண்டு நாள் தங்கி, அதற்கப்பால் வனத்துறை அனுமதிக்கும் தூரம் ஒரு நாள் போய்த் திரும்பிப் பாருங்கள். ஹூலக் குரங்குகளின் விடியற்காலைக் கூவலைக் கேட்க அதுவே போதும். நான் அங்கே கழித்த ஆண்டுகளில் மறக்க முடியாதது அந்தக் குரல்தான்.

கடைசியாக உடம்பு. நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சுதான் அதற்கு முக்கிய மூலம். அருணாசலக் காட்டின் பச்சைக் குழிவிரியன்களுக்கு அதை நம்பியிருக்க முடியாது. எனவே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இரவில் டார்ச் இல்லாமல் ஓரடியும் எடுத்துவைக்காமை, விறகை வெறுங்கையால் தூக்காமை ஆகியவைதான் மருந்து. கடித்துவிட்டால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே வெளியே கொண்டுவர வேண்டும். அட்டைக்குக் காலுறையில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொள்வோம், ஓரளவு பலிக்கும். கொசுவலை மட்டும் மறக்கவே கூடாது, ஏனெனில் அந்தப் பகுதியில் மூளையைத் தாக்கும் வகை மலேரியா உண்டு. முன்தடுப்பு மாத்திரை தேவையா, எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்தக் காய்ச்சல் காட்டில் வராமல், ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரலாம். அப்போது திருத்துறைப்பூண்டியில் உங்களைப் பார்க்கும் மருத்துவர் டெங்குவையோ எலிக்காய்ச்சலையோதான் முதலில் நினைப்பார். நாக்கு வறண்டு படுத்திருந்தாலும், ‘அருணாசலத்துக் காட்டிலிருந்து இன்ன தேதியில் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்’ என்று அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உங்களால் பேச முடியாமல் போனால் சொல்வதற்கு வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.